தானா விரிஞ்ச தூக்குவாளி: எவர்சில்வருக்கு எதுக்கு ஒரு உலை?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்கள், திரும்பத் திரும்பச் சொன்னவை நீக்கப்பட்டுள்ளன.)

இன்னிக்கு எபிசோட் ஒரு தூக்குவாளியைப் பத்தினது. எவர்சில்வர் தூக்குவாளி. யாரும் கீழ போடல, அடுப்புல வைக்கல, ஒரு சொட்டுத் தண்ணி கூட அதுல ஊத்தல. அலமாரிக்குள்ள சும்மா இருந்த வாளி, வாய்ப்பக்கத்துல இருந்து கீழே ரெண்டு அங்குலத்துக்கு விரிஞ்சு கிடந்தது.

இது எங்க வீட்டுல நடந்த கதை. முதல்ல கதையைச் சொல்லிடுறேன், அப்புறம் உள்ள இருக்கிற அறிவியலுக்குப் போவோம்.

வெள்ளிக்கு முந்தின நாள்

எங்க ஊர் சாத்தூர் பக்கம். விருதுநகர் மாவட்டம். சாத்தூர்ல இருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனா இருக்கன்குடி வரும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடத்துல மாரியம்மன் கோயில். ஆடி மாசம் கடைசி வெள்ளிக்கு அந்த ரோட்டுல நின்னு பார்த்தீங்கன்னா, மஞ்சள் சேலையும் வேப்பிலையுமா சனம் நடந்து போயிட்டே இருக்கும். கண் நோவுன்னா இந்த அம்மன்கிட்டதான் எங்க பக்கம் வேண்டிக்குவாங்க. குணமானா கண்மலர் வாங்கிப் போடுவாங்க.

எங்க ஆச்சிக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. மதுரையில ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. அதுக்கு முந்தின வெள்ளி இருக்கன்குடி போய், பொங்கல் வச்சு, தீர்த்தம் வாங்கிட்டு வந்து ஆச்சி தலையில தெளிக்கணும்னு அம்மா நேர்ந்திருந்தாங்க. தீர்த்தம் வாங்கப் புதுப் பாத்திரம் வேணும்னு ஒரு தூக்குவாளி வாங்கி, மஞ்சள் குங்குமம் வச்சு, அலமாரியில எடுத்து வச்சிட்டாங்க. பன்னெண்டு நாள் அது அங்கயே இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எடுத்துப் பார்த்தா, விரிசல்.

அம்மா அப்படியே தரையில உட்கார்ந்துட்டாங்க. "இங்க பாரு பாப்பா, அம்மனுக்குன்னு எடுத்து வச்ச பாத்திரம். தானா விரிஞ்சிருக்கு. இது நல்லதுக்கில்ல. ஆப்பரேஷனைத் தள்ளிப் போட்டுருவோம்."

எனக்குப் பக்குன்னு இருந்தது. ஆச்சியோட புரை முத்திப் போச்சுன்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தாங்க. இந்தத் தேதியை விட்டா அடுத்து எப்ப கிடைக்கும்னு தெரியாது. அதுக்கு நடுவுல ஆச்சி படியில தடுக்கி விழுந்தா?

யாராவது கீழ போட்டிருப்பாங்கன்னு முதல்ல நினைச்சேன். ஆனா ஒரு நெளிசல் கூட இல்ல. அப்பதான் ஆச்சி சொன்னாங்க, "நாலு நாளைக்கு முன்ன ராத்திரி அலமாரிக்குள்ள டிண்ணு ஒரு சத்தம் கேட்டுச்சு. எலின்னு நினைச்சேன்." கண்ணு மங்கினவங்களுக்குக் காது கூர்மை.

அந்த 'டிண்'தான் என்னைத் தேட வச்சது.

குளிர்பெட்டிக் காந்தம்

அன்னைக்கு ராத்திரி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து அந்த வாளியோட அடியில வச்சேன். ஒட்டல. அப்படியே பக்கச் சுவர்ல மெதுவா மேல நகர்த்தினேன். பாதி உயரம் தாண்டினதும் லேசா ஒரு இழுப்பு. வாய்ப்பக்கம் வந்ததும் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. விரிசல் இருந்ததும் அங்கதான்.

ஒரே தகடு, ஒரே உலோகம். அடியில காந்தம் ஒட்டாது, மேல ஒட்டுது. அப்படின்னா பாத்திரம் செய்யும்போது மேல்பக்கத்துல உலோகத்தோட உள்கட்டமைப்பே மாறியிருக்கு.

இதை நீங்களும் வீட்டுல செஞ்சு பார்க்கலாம். ஆழமான டம்ளர், டப்பா, தூக்குவாளி இதுங்கள்ல பாருங்க. ஒரு எச்சரிக்கை: இண்டக்ஷன் அடுப்புக்குன்னு செஞ்ச பாத்திரங்கள்ல அடியில வேற வகை எஃகு வச்சிருப்பாங்க. அதுல காந்தம் ஒட்டுறது இயல்பு. அதை இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

தட்டையான தகடு வாளியாகும்போது

நாம எவர்சில்வர்னு சொல்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல இரும்போட குரோமியம் இருக்கும். துரு பிடிக்காம காப்பாத்துறது அந்தக் குரோமியம்தான். சமையல் பாத்திர வகையில இன்னொரு உலோகமும் வேணும்: நிக்கல், இல்லன்னா நிக்கலுக்குப் பதிலா மாங்கனீஸ். அது எதுக்குன்னா, இரும்பு அணுக்களை ஒரு குறிப்பிட்ட அடுக்குல நிறுத்தி வைக்கிறதுக்கு. அந்த அடுக்குக்குப் பேர் ஆஸ்டெனைட். அது இழுத்தா நீளும், வளைச்சா வளையும், காந்தத்துல ஒட்டாது. பாத்திரம் செய்யத் தோதான அடுக்கு.

உருக்காலையில இருந்து தகடு வெளிய வரும்போது இந்த மெத்தென்ற நிலையிலதான் வரும். நம்ம சேலம் உருக்காலை 1981-ல இருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுது. குளிர் நிலையில உருட்டினா தகடு விறைச்சுப் போகும். அதனால உருட்டினதுக்கு அப்புறம் உலையில சுட்டு, அமிலத்துல கழுவித்தான் அனுப்புவாங்க.

பாத்திரப் பட்டறையில அந்தத் தகட்டை வட்டமா வெட்டுவாங்க. அந்த வட்டத்தை பிரஸ்ல வச்சு, ஒரு குழிக்குள்ள அழுத்துவாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க. வட்டத்தோட ஓரத்துச் சுற்றளவு பெருசு. வாளி வாயோட சுற்றளவு அதைவிடச் சின்னது. ஓரத்துல இருந்த அவ்வளவு உலோகமும் சுருங்கி நெருக்கியடிச்சுத்தான் வாளிச் சுவரா மாறுது. அதிகமா நெருக்கப்படுறது வாய்ப்பக்கம். அடிப்பக்கத்துக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது.

இந்த நெருக்கலுக்கு ரெண்டு விளைவு.

ஒண்ணு, அணு அடுக்கு மாறிடும். ஆஸ்டெனைட்ல இருந்து மார்ட்டென்சைட்னு இன்னொரு அடுக்குக்குத் தாவும். அது கடினம், விறைப்பு, காந்தத்துல ஒட்டும். என் காந்தம் கண்டுபிடிச்சது இதைத்தான்.

ரெண்டு, சுவருக்குள்ள இழுவிசை தங்கிப்போகும். அச்சுல இருந்து வெளிய எடுத்ததும் வாளி பார்க்க அமைதியா இருக்கும். உள்ள இல்ல. தொழில்நுட்பக் கூடங்கள்ல இதுக்கு ஒரு எளிய சோதனை இருக்கு. இப்படி இழுத்துச் செஞ்ச கிண்ணத்துல இருந்து ஒரு வளையத்தை அறுத்து எடுப்பாங்க. அந்த வளையத்தை ஒரு இடத்துல வெட்டினா, 'சட்'டுனு விரிஞ்சுக்கும். இறுக்கிப் பூட்டின கைவளையைக் கழட்டின மாதிரி. அந்த விசை முன்னாடியே உள்ள இருந்தது, வெட்டினதும் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சது, அவ்வளவுதான்.

இத்தனை நாள் ஏன் ஆச்சு?

சரி, விசை இருக்கு, விறைப்பு இருக்கு. அப்படின்னா பிரஸ்லயே விரிஞ்சிருக்கணுமே? கடைக்கு வந்து, எங்க வீட்டுக்கு வந்து, மஞ்சள் குங்குமம் வச்சு, அதுக்கப்புறம் ஏன் விரியணும்?

இங்கதான் மூணாவது ஆள் வர்றார். ஹைட்ரஜன்.

எஃகு உருக்கும்போதும், அமிலத்துல கழுவும்போதும் கொஞ்சம் ஹைட்ரஜன் அணு உள்ள புகுந்துடும். ரொம்பக் கொஞ்சம். பத்து லட்சத்துல சில பங்கு, அவ்வளவுதான். ஹைட்ரஜன் ரொம்பச் சின்ன அணு. திட உலோகத்துக்குள்ளயும் அது இடுக்குல நுழைஞ்சு நகரும். ஆஸ்டெனைட்ல ஆமை வேகம். மார்ட்டென்சைட்ல அதைவிடப் பல மடங்கு வேகம். இழுவிசை அதிகமா இருக்கிற இடம் எதுவோ அங்க போய் மெதுவா சேரும். சேர்ந்த இடத்துல உலோகம் நீள்ற குணத்தை இழந்து நொறுங்குற குணத்துக்கு வந்துடும். ஒரு அளவைத் தாண்டின நொடியில, டிண்.

இதுக்குத் 'தாமத விரிசல்'னு பேர். செஞ்ச சில மணி நேரத்துலயும் வரும், சில நாள், சில வாரம் கழிச்சும் வரும். பின்லாந்துல ஆல்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014-ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு, நிக்கல் குறைஞ்ச எஃகுகள்ல இதைச் சோதிச்சுப் பார்த்தது. உள்ள இருக்கிற ஹைட்ரஜனைக் குறைச்சா விரிசலும் குறையுது. மார்ட்டென்சைட், தங்கின விசை, ஹைட்ரஜன் மூணும் சேர்ந்தாதான் ஆட்டம்.

எங்க ஊர்ப் பாஷையில சொல்லணும்னா, இது நீளமான திரி வச்ச வெடி. சாத்தூர், சிவகாசிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். பத்த வச்சது பட்டறையில, பிரஸ்ல. வெடிச்சது எங்க வீட்டு அலமாரியில. நடுவுல அத்தனை நாளும் திரி எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்த நேரத்துல அது யார் வீட்டுல, எந்தச் சாமிக்காக இருந்ததுங்கிறது வாளிக்குத் தெரியாது.

"பித்தளைன்னா இப்படி ஆகுமா?"

நான் இதையெல்லாம் சொல்லச் சொல்ல அம்மா கேட்டாங்க: "பித்தளைன்னா இப்படி ஆகுமா? இந்தப் பித்தளைச் செம்பு எங்க ஆச்சி காலத்துது. ஒரு கீறல் இருக்கா பாரு."

நியாயமான கேள்வி. பதில் என்னன்னா, பித்தளைக்கும் ஆகியிருக்கு. அதுவும் இந்தியாவுலயே.

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துல ராணுவத் தோட்டாக்களோட உறை பித்தளை. தகட்டைக் குழாய் மாதிரி ஆழமா இழுத்துச் செய்றது, நம்ம தூக்குவாளி மாதிரியே. மழைக்காலத்துல அந்தத் தோட்டாக்களைக் குதிரை லாயங்கள்ல பத்திரப்படுத்துவாங்க. மழை முடிஞ்சு எடுத்துப் பார்த்தா உறைகள் விரிஞ்சிருக்கும். ஒரு பருவத்துல மட்டும் வர்ற விரிசல்ங்கிறதால 'சீசன் கிராக்கிங்'னு பேர் வச்சாங்க.

காரணம் 1921-லதான் தெளிவாச்சு. மூர், பெக்கின்சேல், மாலின்சன்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் விளக்கினாங்க: குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அம்மோனியா ஒரு பக்கம், உறையைச் செய்யும்போது உள்ள தங்கின இழுவிசை இன்னொரு பக்கம். ரெண்டும் சேர்ந்தா பித்தளை விரியும். லாயத்தை மாத்தலாம். ஆனா காத்துல இருக்கிற அம்மோனியாவை எல்லா இடத்துலயும் தடுக்க முடியாது. அதனால விசையை எடுத்தாங்க. செஞ்சு முடிச்ச உறையை 250-ல இருந்து 300 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட்டா, வடிவம் மாறாது, கடினமும் பெருசா குறையாது, உள்ள தங்கின விசை மட்டும் தளர்ந்துடும்.

தூக்குவாளியில அம்மோனியா இல்ல, அந்த இடத்துல ஹைட்ரஜன். ஆனா மருந்து ஒரே குடும்பம்: சூடு பண்ணி ஆறவிடுறது.

அருவாளுக்கு ஒரு நியாயம், வாளிக்கு ஒரு நியாயம்

இங்க ஒரு குழப்பம் வரும். திருப்பாச்சேத்தி அருவாள் செய்ற கொல்லர் என்ன பண்ணுவார்? இரும்பைச் செக்கச் செவேல்னு காய்ச்சி, தண்ணியில முக்குவார். 'சுர்ர்'ன்னு ஆவி வரும், அருவாள் கடினமாகும். அப்ப எவர்சில்வரையும் காய்ச்சித் தண்ணியில முக்கினா இன்னும் விறைச்சுத்தானே போகும்?

நேர் எதிர். அருவாள் இரும்பு சூட்டுல ஆஸ்டெனைட்டா இருக்கும். திடீர்னு குளிர வச்சா மார்ட்டென்சைட்டா மாறிக் கடினமாகும். ஆனா எவர்சில்வர்ல நிக்கலோ மாங்கனீஸோ காவல் நிக்குது. திடீர்னு குளிர வச்சாலும் அறை வெப்பத்துல அது ஆஸ்டெனைட்டாவேதான் இருக்கும். அதை மார்ட்டென்சைட்டா மாத்தினது குளிர் இல்ல, பிரஸ்ஸோட அடி. அதனால காய்ச்சிச் சட்டுனு ஆறவச்சா, அடி வாங்கின அடுக்கு பழையபடி மெத்தென்ற ஆஸ்டெனைட்டுக்குத் திரும்பிடும். ஒரே வேலை, ஒண்ணைக் கடினமாக்குது, இன்னொண்ணை இளக்குது.

இதுக்கு அனீலிங்னு பேர். பட்டறையில 'சுட்டு எடுக்கிறது'ம்பாங்க. வெப்பம் ஏறக்குறைய 1010-ல இருந்து 1120 டிகிரி. உலோகம் பளிச்சுனு ஆரஞ்சு நிறத்துல ஒளிரும். வாளித் தகடு மாதிரி மெல்லிசா இருந்தா அந்தச் சூட்டுல சில நிமிஷம் போதும். அந்த நேரத்துல மூணு காரியம் நடக்கும்: மார்ட்டென்சைட் திரும்ப ஆஸ்டெனைட்டாகும், தங்கின இழுவிசை தளரும், ஹைட்ரஜன்ல பெரும்பங்கு வெளிய ஓடிடும். மேல சொன்ன மூணு பேரும் ஒரே உலையில காலி.

ஆழமான பாத்திரத்துக்குச் சரியான வழி என்னன்னா, பாதி ஆழம் இழு, சுட்டு எடு, மறுபடி இழு. அதுக்கப்புறமும் ரொம்ப நெருக்கின பாத்திரமா இருந்தா கடைசியில இன்னொரு தடவை சுடு.

சூடு தப்பினா?

'அப்ப நானே வீட்டு கேஸ் அடுப்புல வச்சுக் காய்ச்சிடறேன்'னு யாரும் கிளம்பிடாதீங்க. தப்பான சூடு, சுடாம விடுறதைவிட மோசம்.

ஏறக்குறைய 425-ல இருந்து 860 டிகிரி வரைக்கும் ஒரு ஆபத்தான வெப்ப வட்டாரம் இருக்கு. அதுல ரொம்ப நேரம் நின்னா, எஃகுல இருக்கிற கார்பன், குரோமியத்தைப் பிடிச்சு இழுத்து கார்பைடா மாறும். 6 கார்பன் அணு 23 குரோமியம் அணுவைப் பிடிச்சுக்கும். அவ்வளவு பேராசை. இது நடக்கிறது உலோகத்தோட சின்னச் சின்ன மணிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற எல்லைகள்ல. அந்த எல்லையோரத்துல குரோமியம் வத்திப்போகும். துருவைத் தடுக்குற ஆளே அங்க இல்ல. பாத்திரம் மேல பளபளன்னு இருக்கும், எல்லை வழியா அரிச்சு விரியும். அதனாலதான் 1000 டிகிரிக்கு மேல கொண்டு போகணும், திரும்ப இறங்கும்போது இந்த வட்டாரத்தை ஓட்டமா தாண்டணும். மெல்லிய தகடுன்னா காத்தே போதும், தடிமன்னா தண்ணி.

கேஸ் அடுப்புல வச்சா வாளி மங்கலான சிவப்பு வரைக்கும் போய் அங்கயே நிக்கும். சரியா அந்த ஆபத்தான வட்டாரம்.

இந்த வட்டாரம் எவ்வளவு பெரிய விஷயம்னா, கல்பாக்கத்துல இதுக்காகவே எஃகைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. அங்க இருக்கிற 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையில திரவ சோடியம் 547 டிகிரி சூட்டுல வெளிய வர்ற மாதிரி வடிவமைச்சிருக்காங்க. அந்தப் பாகங்கள் பல வருஷம் ஆபத்தான வட்டாரத்துக்குள்ளயே குடித்தனம் பண்ணணும். அதனால கார்பனை ரொம்பக் குறைச்சு, அதனால போற வலுவை ஈடு கட்ட நைட்ரஜன் சேர்த்த 316எல்என்ங்கிற வகையைப் பயன்படுத்துறாங்க. கார்பன் கம்மின்னா குரோமியத்தைப் பிடிச்சிழுக்க ஆள் கம்மி. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துல இந்த எஃகுகளைப் பத்திப் பல வருஷமா ஆராய்ச்சி நடக்குது. தூக்குவாளிக்கும் அணு உலைக்கும் அடிப்படைக் கேள்வி ஒண்ணுதான்: எந்தச் சூட்டுல, எவ்வளவு நேரம், எப்படி ஆறும்?

அந்த ஒரு படியை ஏன் தாண்டிப் போறாங்க?

வழி தெரியும்னா ஏன் எல்லாரும் செய்யறதில்ல? திருப்பூர் பக்கம் அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலுக்குப் பேர் போன ஊர். என் காலேஜ் தோழியோட மாமா அங்க பட்டறை வச்சிருக்கார். போன் போட்டேன்.

"அம்மிணி, தட்டுக்கு இது வேண்டியதில்லீங்க. தூக்குவாளி ஆழமுங்க. நடுவுல ஒருக்கா சுட்டு எடுக்கோணும். சுட்டாக் கருப்பு ஏறும். அதை ஆசிட்ல கழுவோணும். அப்புறம் மறுக்கா பாலீஷ். உலைக்குக் காசு, ஆசிட்டுக்குக் காசு, ஆளுக்குக் காசு. கடைல போய் அந்த வாளியும் இந்த வாளியும் பக்கத்துல பக்கத்துல வச்சாப் பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். இருபது ரூவா சேத்திச் சொன்னா எடுத்துக் கீழ வச்சுட்டுப் போயிருவாங்க."

அவர் 'ஆசிட்'னு சாதாரணமா சொன்னதுல நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் இருக்கும். ரெண்டாவது, தோல் மேல பட்டா உள்ள இறங்கி எலும்பு வரைக்கும் தாக்கக் கூடியது. கருப்பு ஏறாம ஹைட்ரஜன் வாயுவுக்குள்ள வச்சுச் சுடுற உலைகளும் உண்டு. அதுக்கு முதலீடு அதிகம், அதோட அந்த வாயுவுல கொஞ்சம் எஃகுக்குள்ளயும் போகும்.

இன்னொரு பக்கம் தகடே மாறிப்போச்சு. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கிற 304 வகை ஓரளவு அடி தாங்கும். ஆனா நிக்கல் விலை உயர்ந்தது. 2007 மே மாசம் லண்டன் சந்தையில ஒரு டன் நிக்கல் 50,000 டாலரைத் தாண்டிச்சு. நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸைக் கூட்டின 200 வகை தகடுகளோட மவுசு இப்படித்தான் ஏறிச்சு, இந்தியாவுல அதிகமாவே. அதுல நிக்கல் 1-ல இருந்து 5 சதவீதம்தான்.

200 வகையே மட்டம்னு நான் சொல்ல வரல. தட்டு, கரண்டி, ஆழமில்லாத கிண்ணத்துக்கெல்லாம் அது போதும், ஏழை வீட்டுக்கும் துருப் பிடிக்காத பாத்திரம் வந்ததுல அதுக்குப் பங்கு உண்டு. ஆனா நிக்கல் குறையக் குறைய, அடி வாங்கினா மார்ட்டென்சைட்டுக்குத் தாவுற குணம் கூடும். கார்பன் அதிகமிருந்தா அந்த மார்ட்டென்சைட் இன்னும் விறைப்பா இருக்கும். அதாவது விலை குறைஞ்ச தகட்டுக்குத்தான் உலை ரொம்ப அவசியம். விலை குறைக்கிறதுக்காக முதல்ல தூக்கிப் போடுறதும் அந்த உலையைத்தான். 304 தகட்டுல சுடாம தப்பிச்ச அதே பழக்கம், 200 தகட்டுல மாட்டிக்குது.

பட்டறைக்காரர் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. சுட்டு எடுத்த வாளின்னு கண்ணுக்குத் தெரியாது, மேல எழுதியும் இருக்காது. தெரியாத ஒரு படிக்கு யார் காசு கொடுப்பா?

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

ஆழமான பாத்திரம் வாங்குறீங்கன்னா, எந்த வகை எஃகுன்னு கேளுங்க. 304-ன்னா பாத்திரத்து மேலயே அச்சு குத்தியிருக்கிறது வழக்கம். ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டு போங்க. அடியில ஒட்டாம, வாய்ப்பக்கம் மட்டும் நல்லாப் பிடிச்சு இழுத்தா, நெருக்கல் அதிகம், சுட்டு எடுக்கலன்னு ஊகிக்கலாம். இது ஊகம்தான், தீர்ப்பு இல்ல. லேசா ஒட்டுற நல்ல பாத்திரமும் உண்டு. வாங்கின ஒரு மாசத்துல தானா விரிஞ்சா, 'நீங்க கீழ போட்டிருப்பீங்க'ன்னு கடையில சொன்னா ஒத்துக்காதீங்க. நெளிசல் இல்லாத நேர் விரிசல்னா அது செய்முறைக் குறை. மாத்தித் தரச் சொல்லுங்க.

விரிஞ்ச பாத்திரத்தை ஒட்ட வச்சு சமையலுக்கு வச்சுக்காதீங்க. விரிசல் இன்னும் ஓடும், ஓரம் கையைக் கிழிக்கும், இடுக்குல அழுக்கு தங்கும். பழைய பாத்திரத்துக்குப் போட்டுடுங்க. உருக்கினா அது மறுபடி நல்ல எஃகாகும்.

வெள்ளிக்கிழமை

இவ்வளவையும் அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். பாதிக்கு மேல அவங்க கேட்டாங்களான்னு தெரியல. ஆனா காந்தத்தை என் கையில இருந்து வாங்கினாங்க. வாளியில அடியில இருந்து வாய் வரைக்கும் அவங்களே நகர்த்திப் பார்த்தாங்க. அப்புறம் அடுக்களையில இருக்கிற டம்ளர், டப்பா, பால் தூக்கு எல்லாத்துலயும் வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு டப்பாவைத் தனியா எடுத்து வச்சாங்க.

அப்பவும் மனசு முழுசா ஆறல. கட்டில்ல படுத்திருந்த ஆச்சிதான் முடிச்சு வச்சாங்க: "வாளி விரிஞ்சா அது வாளிக்கு ஆகாது. என் கண்ணுக்கென்ன? அந்தப் பித்தளைச் செம்பை எடுத்துட்டுப் போ."

மறுநாள் இருக்கன்குடி போனோம். பொங்கல் வச்சோம். அம்மா பித்தளைச் செம்புல தீர்த்தம் வாங்கிட்டு வந்தாங்க. ஆப்பரேஷன் தேதி மாறல. இப்ப ஆச்சி ஒரு கண்ணுல கட்டு அவிழ்த்தாச்சு, இன்னொரு கண்ணுக்கு நாள் குறிச்சாச்சு. அந்தத் தூக்குவாளியை நான் சென்னைக்குக் கொண்டு வந்துட்டேன். இதோ, இந்த மைக் பக்கத்துலதான் இருக்கு. கொண்டு வரும்போது ரெண்டு அங்குலமா இருந்த விரிசல் இப்ப ரெண்டரை.

உங்க வீட்டுல இப்படித் தானா விரிஞ்ச பாத்திரம் இருந்தா, அதுக்கு வீட்டுல என்ன காரணம் சொன்னாங்கன்னு எழுதி அனுப்புங்க. காந்தம் வச்சுப் பார்த்தீங்கன்னா அதையும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டுமா?